நெருப்புக்குக் காத்திருக்கும் நீலப் புதர்

கலிஃபோர்னியாவின் கடலோரக் குன்றுகளில் மழைக்காலம் ஓயும் தறுவாயில் புதர்க்காடு நீலமாகிறது. அங்கே பூப்பது சியனோதஸ், இலந்தையின் குடும்பத்துச் செடி. மொத்தம் சுமார் 50 இனங்கள். பெரும்பாலானவை கலிஃபோர்னியாவில்தான் இருக்கின்றன.

பூவைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அடி குறுகி நுனி குழிந்த, குட்டிக் கரண்டி போன்ற ஐந்து இதழ்கள். இடையிடையே உள்நோக்கி வளைந்த புல்லிகளும் நீலம்தான். ஒரு கைப்பிடி பூவைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நுரைக்கும். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் சப்போனின் இதிலும் உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதைச் சோப்பாகவே பயன்படுத்தினார்கள்.

கோடையில் காய் காய்ந்து வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். ஆனால் அவை உடனே முளைப்பதில்லை. விதையின் மேலோடு அவ்வளவு கெட்டி. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். மழையற்ற கோடையில் ஒருநாள் காட்டுத்தீ வரும். சில இனங்கள் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பல இனங்கள் அடியோடு செத்துப்போகும். ஆனால் மண்ணில் இறங்கும் சூட்டில் விதையின் மேலோடு விரிசல் விடுகிறது. அடுத்த மழைக்குக் கரிந்த தரையெங்கும் நாற்றுகள்.

எனக்குப் பெரிய வியப்பு இதற்குப் பிறகுதான். சருகிலும் மேல்மண்ணிலும் இருந்த நைட்ரஜனில் கணிசமான பங்கு தீயின் புகையோடு போயிருக்கும். அப்படிச் சத்திழந்த நிலத்தில் முளைக்கும் சியனோதஸின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியேறுகிறது. சவுக்கு மரத்தின் வேரில் இருப்பதும் ஃபிராங்கியாதான். அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. செடி உதிர்க்கும் இலைகள் மட்க மட்க, மண் மெல்லத் தேறுகிறது. மற்ற செடிகளுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

அதற்காக, எத்தனை முறை எரிந்தாலும் இது தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நாற்று பூத்துக் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். மண்ணில் போதுமான விதை சேர இன்னும் பல ஆண்டுகள். இன்றோ மின்கம்பியாலும் மனிதர்களின் அலட்சியத்தாலும் பல இடங்களில் தீ அடிக்கடி மூள்கிறது. விதை சேர்வதற்குள் மறுபடி எரிந்தால் முளைப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய ஓராண்டுப் புற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவை கோடை தொடங்கும்போதே காய்ந்து சட்டெனப் பற்றிக்கொள்வதால், அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வருகிறது.