தீயைக் கடந்து வந்த ஓடுகள்

அஞ்சல்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்க்கும் மாணவர்களை நாம் அறிவோம். விண்வெளிப் பயணத்தில் ஆர்வமுள்ள சிலர், குறிப்பாக அமெரிக்காவில், வேறொன்றைச் சேர்க்கிறார்கள். விண்வெளிக்குச் சென்று, திரும்பும் வழியில் கடும் வெப்பத்தைத் தாங்கி வந்த கவசங்களின் துண்டுகள்தாம் அவை. கையளவு ஓடு, கருகிய பிசின் கட்டி, பளபளக்கும் மெல்லிய தாள் துணுக்கு என அவை பலவகை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இப்பொருள்கள் வெப்பம் பற்றிய பாடத்திற்கும், சான்று என்றால் என்ன என்ற பாடத்திற்கும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ. வேகத்தில் செல்கிறது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைந்தன. "காற்றின் உராய்வால் சூடாகிறது" என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். அது பாதி விளக்கமே. கலத்திற்கு முன்னால் உள்ள காற்று விலகிச் செல்ல நேரமின்றித் திடீரென அழுத்தப்படுகிறது. அதனால் அந்தக் காற்றே பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை மாணவர்கள் தொட்டு உணர்ந்திருப்பார்கள். அதிலிருந்தே தொடங்கலாம்.

காப்பதற்கு இரு வழிகள்

முதல் வழி, கவசம் தன்னை இழந்து கலத்தைக் காப்பது. அப்பல்லோ கலத்தில் தேன்கூடு போன்ற கண்ணாடியிழைச் சட்டத்தில் சுமார் 3,70,000 அறைகள் இருந்தன. 'அவ்கோட்' என்ற பிசின் கலவையை ஒவ்வோர் அறையிலும் பணியாளர்கள் கையால் நிரப்பினார்கள். மீள்நுழைவின்போது இப்பிசின் கருகி, சிதைந்து, வாயுவாக வெளியேறி வெப்பத்தையும் உடன் எடுத்துச் சென்றது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதுடன் இதை ஒப்பிடலாம். பானை இழப்பது நீரை. கவசம் இழப்பது தன்னையே.

இரண்டாவது வழி, வெப்பம் உள்ளே கடத்தப்படாமல் தடுப்பது. விண்வெளி ஓடங்களில் ஒட்டப்பட்ட ஓடுகள் தூய மணலிலிருந்து பெறும் சிலிக்கா இழைகளால் ஆனவை. பெரும்பாலான ஓடுகளின் கன அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு வெற்றிடைவெளியே. ஒரு கன மீட்டர் ஓட்டின் நிறை சுமார் 144 கிலோதான்; அதே அளவு நீரின் நிறை 1000 கிலோ. கறுப்பு ஓடுகள் சுமார் 1,260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். உலையிலிருந்து எடுத்த ஓட்டின் உட்புறம் செந்தணலாய் ஒளிரும்போதே அதன் மூலைகளை வெறும் விரல்களால் பிடித்துக் காட்டுவார்கள். வெப்பநிலை அதிகமாக இருப்பதும் கைக்கு வந்து சேரும் வெப்பம் அதிகமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் அரிது.

போய்வந்த ஓடுதானா?

சேகரிப்பாளர்களின் முதல் கேள்வி இது. உதிரியாகச் செய்து வைத்தவை, சோதனைக்குப் பயன்படுத்தியவை எனப் பறக்காத ஓடுகளும் ஏராளம். எனவே அவர்கள் தடயங்களைப் படிக்கிறார்கள். ஒவ்வோர் ஓட்டின் மேலும் பகுதி எண்ணும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். அடிப்புறத்தில் ஃபெல்ட் துணியும் சிலிக்கோன் பசையும் இருந்தால், அது ஓடத்தில் பொருத்தப்பட்டிருந்தது என்று கருதலாம். மீள்நுழைவின் வெப்பத்தில் ஓட்டின் நீர் எதிர்ப்புத் தன்மை அழிந்துவிடும் என்பதால், பயணம் முடிந்ததும் ஊசியால் மருந்து செலுத்துவார்கள். அந்தச் சிறு துளையும், மேற்பரப்பில் படிந்த சாம்பல்நிறக் கோடுகளும் கூடுதல் சான்றுகள். இத்தனைக்கும் மேலாக, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற எழுத்துச் சான்று வேண்டும். எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பில்லாத பானை ஓடு அகழாய்வாளருக்கு எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவுதான் சான்றில்லாத விண்கல ஓடும் பயன்படும்.

யாருக்குச் சொந்தம்?

ஓடங்கள் ஓய்வுபெறும் நிலையில், 2010 டிசம்பரில் நாசா சுமார் 7,000 ஓடுகளை அமெரிக்கப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்க முன்வந்தது. அனுப்பும் செலவான 23.40 டாலரை மட்டும் பள்ளிகள் செலுத்தினால் போதும். தொடக்ககால விண்வெளி வீரர்கள் தம்மிடம் வைத்திருந்த நினைவுப் பொருள்கள் அவர்களுக்கே உரியவை என்று 2012இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

ஆனால், எல்லாத் துண்டும் சேகரிப்புக்கு உரியதன்று. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் திரும்பிய கொலம்பியா ஓடம் சிதறியது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிரிந்த நுரைத்துண்டு, இடது இறக்கையின் முன்விளிம்பிலிருந்த கார்பன் கவசத்தை உடைத்திருந்தது. டெக்சாஸ் வயல்களிலும் காடுகளிலும் விழுந்த துண்டுகளை எவரும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என அரசு எச்சரித்தது. மீறியவர்கள்மீது வழக்கும் தொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் தேடிச் சேர்த்த துண்டுகள் 80,000க்கும் மேல். ஓடத்தின் எடையில் அவை ஏறத்தாழ 38 விழுக்காடு. எந்தத் துண்டு எங்கே கிடைத்தது, எப்படி உருகியிருந்தது என்ற குறிப்புகள்தாம் விபத்தின் காரணத்தை உறுதிசெய்ய உதவின. ஒருவர் ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஒரு துண்டு, எழுவரின் மரணத்திற்கான விடையில் ஒரு வரியை அழித்துவிடக்கூடும். அத்துண்டுகள் இன்று கென்னடி விண்வெளி மையத்தில் பாதுகாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்படுகின்றன.

நம் நாட்டிலும் இவ்வரலாறு தொடங்கியுள்ளது. 2007 ஜனவரியில் இஸ்ரோ ஏவிய எஸ்.ஆர்.இ.–1 என்ற 550 கிலோ கலம், சிலிக்கா ஓடுகளின் காப்புடன் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது.

வகுப்பறையில்

வெந்நீர் நிரம்பிய இரண்டு டம்ளர்களில் ஒன்றைக் கம்பளித் துணியாலும் மற்றொன்றை ஈரத் துணியாலும் சுற்றி, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லலாம். ஒன்று தடுக்கும் வழி, மற்றொன்று ஆவியாகி வெப்பத்தை அகற்றும் வழி. பிறகு குழுக்களாகப் பிரித்து, "ஒருவர் விண்கல ஓடு என்று ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார். நம்புவதற்கு முன் அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?" என்று வினவலாம். மாணவர்கள் எழுதும் கேள்விப் பட்டியல், நாளை அவர்கள் கைபேசியில் காணும் எந்தச் செய்திக்கும் பொருந்தும்.