ஆட்டக்காரருக்கு விலை மதித்தல்

திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைக் கண்டோர் ஒரு காட்சியை மறந்திரார். தரகர் இருவர் எதிரெதிரே நின்று, தோளிற் கிடந்த துண்டைக் கைகளின்மேற் போர்த்தி, அதன் மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பற்றி விலை பேசுவர். வாய் பேசாது, விரல்களே பேசும். சுற்றி நிற்போருக்கு அது வெறும் சூதுபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. பல்லைப் பார்த்து வயதறிந்து, சுழியும் நடையும் நோக்கி, அன்று சந்தைக்கு வந்துள்ள பிற மாடுகள் எத்தனை, வாங்க வந்தோர் மடியில் உள்ள பணம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் மனத்துட் கணக்கிட்ட பின்னரே அவ்விரல்கள் அசைகின்றன.

விளையாட்டு வீரருக்கு ஏலத்தில் விலை மதிக்கும் முறையும் இதனின் பெரிதும் வேறன்று. அதனை நம் மாணாக்கருக்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாட்டையும் மனிதரையும் ஓரிடத்தில் வைத்துப் பேசலாமோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே, முடிவில் அதற்கு விடை கூற முயல்வேன்.

அமெரிக்க நாட்டார் பெரிதும் விரும்பி ஆடுவது பேஸ்பால் என்னும் பந்தாட்டம். 1980-ம் ஆண்டில் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பரும் அதனைச் சார்ந்து ஒரு கற்பனை ஆட்டத்தைத் தொடங்கினர். நியூயார்க் நகரில் அவர்கள் கூடி உண்ட உணவுவிடுதியின் பெயரால் அதற்கு ரொட்டிசெரி லீக் என்று பெயர் வழங்கலாயிற்று. ஒவ்வொருவரும் மெய்யான ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துத் தமக்கெனக் கற்பனையாக ஒரு குழு அமைப்பர். அவ்வாட்டக்காரர் மெய்யான களத்திற் செய்யும் செயல்களே இக்குழுவுக்கு மதிப்பெண்களாகும். ஆளுக்கு 260 டாலர். அதற்குள் 23 ஆட்டக்காரரை எடுத்தல் வேண்டும். குறைந்த விலை ஒரு டாலர் என்பது அவ்வகை ஆட்டங்களில் நிலைபெற்ற வழக்கு. நம் நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் இந்தியன் பிரீமியர் லீக் ஏலம் நடைபெறுகின்றது. ஆங்கு நடப்பது கற்பனையன்று. கோடிக்கணக்கான பணம் மெய்யாகவே கைம்மாறுகின்றது. ஆயினும் இரண்டிற்கும் கணக்கு ஒன்றே.

நிற்க. விடுதியில் நாங்கள் எண்மர் கூடி இவ்வாட்டத்தைக் கிரிக்கெட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டோம். எங்கள் ஆட்டத்திற் காசுக்கு இடமில்லை. காசு வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைப் பாராளுமன்றமே 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் சட்டத்தால் விலக்கியது என்பது யாவரும் அறிந்ததே. ஆதலின் புளியங்கொட்டையே எங்கள் நாணயமாயிற்று. ஆளுக்கு 100 கொட்டை, 11 ஆட்டக்காரர், குறைந்த விலை ஒரு கொட்டை. முதல் ஏலத்தில் யான் புகழையே விலையென்று கருதி, பெயர்பெற்ற மட்டையாளர் ஒருவருக்கு 60 கொட்டைகளை வாரி இறைத்தேன். எஞ்சிய 40 கொட்டையைக் கொண்டு பதின்மரை எவ்வாறு எடுப்பது? பருவ முடிவில் எட்டாவது இடம் எனக்கே உரியதாயிற்று. அத்தோல்வியே என்னைக் கணக்கைக் கற்கச் செய்தது.

கணக்கின் முதற்படி இது. எண்மர் கையிலும் உள்ள கொட்டைகள் 800. எடுக்கப்படுவோர் 88 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டையேனும் கட்டாயம் செல்லுமாதலின், 88 போக எஞ்சுவன 712. இந்த 712 கொட்டைகளே உண்மையில் ஏலத்திற் போட்டியிடும் பணம். இவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதே வினா.

இரண்டாம் படி: எடுக்கப்படுவோருள் கடைசியான 88-ஆம் ஆட்டக்காரரைக் கண்டறிக. அவர் ஒரு பருவத்தில் 200 மதிப்பெண் ஈட்டுவார் எனக் கொள்வோம். அவரை யாரும் ஒரு கொட்டைக்குப் பெறலாம். ஆகவே முதல் 200 மதிப்பெண்ணுக்கு விலையே இல்லை எனலாம். அதற்கு மேற்பட்ட மிகுதிக்கே விலை உண்டு. 88 பேருடைய மிகுதியையும் கூட்டி 7,120 என வருமாயின், 712 கொட்டைக்கு 7,120 மதிப்பெண். அதாவது பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கொட்டை.

இப்பொழுது 600 மதிப்பெண் ஈட்டவல்ல ஒருவரையும், 300 ஈட்டவல்ல ஒருவரையும் நோக்குக. முன்னவர் பின்னவரைப்போல் இருமடங்கு வல்லவராதலின் விலையும் இருமடங்கு என்றே எவரும் நினைப்பர். கணக்கோ வேறு கூறுகின்றது. முன்னவரது மிகுதி 400. விலை 40-உம் ஒன்றுமாக 41 கொட்டை. பின்னவரது மிகுதி 100. விலை 11 கொட்டை. இருமடங்கு வல்லமைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு விலை! ஒருவர் எவ்வளவு செய்வார் என்பதன்று கேள்வி. அவர் இல்லாவிடில் எளிதிற் கிடைக்கும் மற்றொருவரினும் எவ்வளவு மிகுதியாகச் செய்வார் என்பதே கேள்வி. விலை மதித்தலின் உயிர்நிலை இதுவே என்க.

அந்தக் கடைநிலையும் எல்லாப் பணிக்கும் ஒன்றன்று. ஒவ்வொரு குழுவுக்கும் விக்கெட் காப்பாளர் ஒருவர் வேண்டும் என்பது விதியாயின், எண்மருக்கு எட்டுக் காப்பாளர் வேண்டும். நல்ல காப்பாளர் அரியர். எட்டாம் காப்பாளர் 150 மதிப்பெண்ணே ஈட்டுவாராயின், காப்பாளருள் அதுவே கடைநிலை. பத்துக்கு ஒன்று என்னும் விகிதம் மாறாதிருப்பின், 350 ஈட்டும் காப்பாளரும் 400 ஈட்டும் மட்டையாளரும் ஒரே விலையாகிய 21 கொட்டை பெறுவர். ஏலங்களிற் சில காப்பாளர்க்கும் விரைவுப் பந்தாளர்க்கும் பெருந்தொகை செல்வதைக் கண்டு வியப்போர் இதனை நினைவிற் கொள்க. அருமையே விலையை ஏற்றுகின்றது.

இனி ஒப்பந்தத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். எங்கள் விதிப்படி, ஓர் ஆட்டக்காரரை அடுத்த ஆண்டும் பழைய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். 5 கொட்டைக்கு எடுத்த இளைஞர் 25 கொட்டை பெறுமானம் உடையவராய் வளர்ந்தால், உடையவனுக்கு ஆண்டுதோறும் 20 கொட்டை ஆதாயம். இதனால் இரண்டாம் ஆண்டு ஏலத்தில் ஒரு விந்தை நிகழும். 300 கொட்டை பெறுமானமுள்ள ஆட்டக்காரரை எண்மரும் சேர்ந்து 180 கொட்டைக்கு வைத்துக்கொண்டனர் எனக் கொள்க. 800-இல் 180 போக எஞ்சிய 620 கொட்டை, எஞ்சிய 500 கொட்டைப் பெறுமானத்தைத் துரத்தும். எனவே விலைகளெல்லாம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உயரும். 41 கொட்டை ஆட்டக்காரர் 51-க்குப் போவார். அவர் வல்லமை அணுவளவும் மாறவில்லை. சந்தையில் உலவும் பணமே மாறிற்று. இதனையறியாது பழைய விலைப்பட்டியலோடு ஏலத்துக்கு வந்த நண்பர் ஒருவர், “எல்லாரும் பித்தராயினர்” என்று கூறி வாளாவிருந்தார். இறுதியில் யாரும் வேண்டாத ஆட்டக்காரரே அவருக்கு எஞ்சினர்.

இவையெல்லாம் புளியங்கொட்டைக் கணக்கு. மெய்யான வாழ்க்கையில் இக்கணக்கு யாது செய்கின்றது என்பதை நம் தமிழ்நாட்டு வீரர் இருவர் வரலாற்றால் அறியலாம்.

முதல்வர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை பயின்ற இவர் சுழற்பந்தாளராகித் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரைக் குழு 2018-ல் வாகை சூடத் துணைநின்றார். அவ்வாண்டு டிசம்பர் மாத ஏலத்தில் இவருக்கு இட்ட அடிப்படை விலை 20 இலட்சம் ரூபாய். பஞ்சாபுக் குழுவினர் எடுத்த விலையோ 8.40 கோடி, அதாவது 42 மடங்கு. அடுத்த பருவத்தில் இவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்; விரலிற்பட்ட காயம் இவரை வீட்டுக்கு அனுப்பிற்று. குழுவினர் விடுவித்தனர். அடுத்த ஏலத்திற் கொல்கத்தாக் குழுவினர் 4 கோடிக்கு எடுத்தனர். விலை பாதிக்கும் கீழாயிற்று, மனிதரோ அவரே. 2020-ம் ஆண்டில் அவர் 17 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2025-ல் இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வென்றபொழுது அவர் பங்கு 9 விக்கெட்டுகள். அவ்வாண்டுப் பருவத்துக்குக் கொல்கத்தாக் குழு அவரை நிறுத்திக்கொண்ட தொகை 12 கோடி.

இரண்டாமவர் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். 2022-ம் ஆண்டு ஏலத்திற் குஜராத்துக் குழுவினர் இவரை 20 இலட்சத்துக்கு எடுத்தனர். 2023-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியபொழுது, கோவைக் குழுவினர் தம்மிடமிருந்த 70 இலட்சத்தில் 21.60 இலட்சத்தை இவர் ஒருவருக்கே கொடுத்தனர். நாடு முழுவதும் காணும் பெரும் போட்டியினும் மாநிலப் போட்டி மிகுதியாக மதித்த விந்தை இது! அவ்வாண்டு இறுதியாட்டத்தில் இவர் 96 ஓட்டங்கள் எடுத்தார். 2024-ம் ஆண்டுப் பருவத்தில் 527 ஓட்டங்கள். அதுகாறும் இவரது ஏலவிலை 20 இலட்சமாகவே நின்றது. 2025-ம் ஆண்டுக்கே 8.50 கோடியாயிற்று. அப்பருவத்தில் 759 ஓட்டங்கள் எடுத்து எல்லாரினும் முதல்வராய் விளங்கினார்.

இவ்விரண்டு வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குக. ஒருவருக்கு 20 இலட்சம் ஒரே நாளில் 42 மடங்காயிற்று. மற்றவருக்கு அதே 20 இலட்சம் மூன்று பருவம் கழித்து 42 மடங்குக்குச் சற்று மேலாயிற்று. முன்னவருக்கு விலை செயலை முந்திற்று. பின்னவருக்குச் செயல் விலையை முந்திற்று. இருவிடத்தும் கணித்தோர் மூடரல்லர். விலை என்பது வருங்காலத்தைப் பற்றிய ஓர் ஊகமே என்பதும், ஒப்பந்தம் அவ்வூகத்தைப் பல ஆண்டுக்குப் பூட்டி வைக்கும் பூட்டு என்பதும் இதனாற் புலப்படும். விடுதியில் 5 கொட்டைக்கு எடுத்த இளைஞனால் எனக்கு 20 கொட்டை ஆதாயம் என்று யான் மகிழ்ந்தபொழுது, அந்த 20 கொட்டை யாருடையது என்று எண்ணியதில்லை. கொட்டை விளையாட்டில் அதனால் எவருக்கும் நட்டமில்லை. மெய்யான ஒப்பந்தத்திலோ ஒருவர் ஆதாயம் மற்றொருவர் உழைப்பின் ஊதியமாகும்.

இனி முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். சந்தையில் மாட்டுக்குப் பேசிய விலை துண்டை உதறியதும் முடிந்துபோம். தன் விலை இன்னதென்று மாடு அறியாது. மனிதனோ தன் விலையை அறிவான். அதனைத் தன் தகுதியென்று மயங்கவும் செய்வான். ஆண்டே வேறுபாடு. ஏலத்தொகை கூறுவது மூன்று செய்திகளையே: அப்பணிக்கு எளிதிற் கிடைப்பவர் எத்தகையர், வாங்குவோர் கையிற் பணம் எவ்வளவு, வரும் பருவத்தைப் பற்றி அவர்தம் ஊகம் யாது என்பன. அதற்கு அப்பால் அத்தொகைக்கு நா இல்லை.

நம் கலாசாலை மாணாக்கர் பலர் விரைவிற் படிப்பை முடித்து, வேலை தருவோர் முன் மேசைக்கு எதிரே அமர்வர். அன்று அவர்களுக்கும் ஒரு விலை கூறப்படும். சில ஆண்டு விலகலாகாது என்னும் ஒப்பந்தமும் உடன் நீட்டப்படும். தொகையை மட்டும் கண்டு மகிழவும் வேண்டா, வாடவும் வேண்டா. என்னைப்போல் இப்பணிக்கு எத்தனை பேர் கிடைப்பர், எத்தனை ஆண்டு இத்தொகையிற் பூட்டப்படுவேன், அதற்குள் யான் வளர்ந்தால் வளர்ச்சியின் பயன் யாருக்கு என்னும் மூன்று வினாக்களை அமைதியாகக் கேட்டுக் கையொப்பமிடுக. இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவனுக்குத் துண்டின் மறைவில் நடக்கும் பேச்சு தெளிவாய்க் கேட்கும்.