முப்பது எழுத்து தந்த ஆசிரியர்

முப்பது என்ற எண் நமக்குப் பழக்கமானது. உயிர் 12, மெய் 18. ஆக முதலெழுத்து 30 என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறோம். இந்தியாவில் இன்னொரு மொழிக்கும் முப்பது எழுத்துகள் உண்டு. அவற்றை உருவாக்கியபோது அவருக்கு வயது இருபதுதான். பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியரானார். நாடகங்கள், பாடல்கள், பாடநூல்கள் எழுதினார். பெயர் ரகுநாத் முர்மு. அவருடைய தாய்மொழி சந்தாலி. அவர் தந்த எழுத்து ஓல் சிக்கி. சந்தாலியில் 'ஓல்' என்றால் எழுதுதல், 'சிக்கி' என்றால் குறி.

வாலிகண்டபுரத்தில் பாடம் நடத்தும் எனக்கு ஒடிசாக்காரரான இவரைப் பற்றி அறியவேண்டிய தேவை வகுப்பறையிலேயே வந்தது. கல்குவாரி வேலைக்காக மயூர்பஞ்ச் மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். வாரக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஒடியா தெரிந்த ஒருவரை அழைத்துவந்து பேசவைத்தோம். அதற்கும் பெரிதாகப் பதில் இல்லை. அவள் அப்பாவிடம், "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேட்டபோது, "சந்தாலி" என்றார். ஒடிசாவிலும் அவள் பள்ளி மொழியும் வீட்டு மொழியும் வெவ்வேறுதான். அந்த மொழியைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் ரகுநாத் முர்மு.

வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று

முர்மு 1905 மே 5 அன்று மயூர்பஞ்ச் பகுதியிலுள்ள தண்ட்போஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது மன்னராட்சிப் பகுதி. பள்ளியில் பாடம் ஒடியாவில் நடந்தது. வீட்டிலும் வயலிலும் பேச்சு சந்தாலியில். ஒடியாவும் வங்காளமும் இந்தியும் ஒரு குடும்பம். சந்தாலியோ ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சேர்ந்தது. சொல்லும் வேறு, இலக்கணமும் வேறு. சந்தாலிக் குழந்தைக்குப் பள்ளியின் முதல் நாள் என்பது அறியாத ஊருக்குள் நுழைவதைப் போன்றது.

அவர் 1924-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மறு ஆண்டு, 1925-இல், ஓல் சிக்கியை உருவாக்கினார். சிறிது காலம் பாரிபதா மின்நிலையத்தில் பயிற்சி பெற்றார். பின்பு படோம்தோலியா பள்ளியில் ஆசிரியரானார். வகுப்பிலேயே தம் எழுத்தைப் பயன்படுத்திக் கற்பித்தார். மரத்தில் எழுத்துகளைச் செதுக்கி, கையால் இயக்கும் அச்சுப்பொறி ஒன்றைத் தாமே செய்து பாரிபதா கண்காட்சியில் வைத்தார். பிற்பாடு ராய்ரங்பூர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். நம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவும் அரசியலுக்கு வருமுன் ஆசிரியராகப் பணியாற்றியது அதே ராய்ரங்பூரில்தான்.

ஏன் புதிய எழுத்து?

சந்தாலியை அதற்கு முன்பும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். வங்காளத்தில் இருந்தவர்கள் வங்க எழுத்தில், ஒடிசாவில் ஒடியா எழுத்தில், வேறு சிலர் தேவநாகரியில், கிறித்தவ சபையினர் ரோமன் எழுத்தில் எழுதினர். இதில் இரண்டு சிக்கல்கள். ஒரே மொழி பேசுபவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. அடுத்து, சந்தாலியில் சொல்லின் இறுதியில் மூச்சை அடைத்து நிறுத்தும் நான்கு மெய்யொலிகள் உண்டு. அண்டை மொழி எழுத்துகளில் அவற்றுக்கு இடமில்லை.

முர்மு முதலில் தம் மொழியின் ஒலிகளைக் கணக்கெடுத்தார். பின்னர் எழுத்து வகுத்தார். ஆறு உயிர், 24 மெய். ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து எழுத்து. ஒவ்வொரு வரிசையும் உயிரெழுத்தில் தொடங்கும். உயிர்மெய் வடிவங்கள் கிடையாது. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து எழுதினால் போதும். முப்பது வடிவங்களை அறிந்த குழந்தை படிக்கத் தொடங்கிவிடலாம்.

ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது எழுத்துகளின் பெயர்கள்தான். 'அத்' என்றால் நிலம். 'இஸ்' என்பது கலப்பை. 'இர்' என்பது அரிவாளால் அறுப்பது. 'ஏன்' என்பது கதிரைக் காலால் மிதித்து மணி பிரிப்பது. 'உத்' என்பது காளான். 'ஆம்' என்றால் நீ. 'இஞ்' என்றால் நான். குழந்தை தன் ஊரில் அன்றாடம் பார்க்கும் பொருளும் செயலுமே எழுத்தின் பெயராகவும் வடிவாகவும் ஆகியிருக்கின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் பயிற்சியில் நாம் படித்த விதி இங்கே ஓர் எழுத்து வரிசையாகவே நிற்கிறது.

எழுத்து பிழைக்க நூல் வேண்டும்

எழுத்தை உருவாக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்று முர்மு அறிந்திருந்தார். படிக்க எதுவும் இல்லாவிட்டால் எழுத்தைக் கற்றவர்கள் மறந்துவிடுவார்கள். ஆகவே தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு 'ஓல் செமெத்' என்ற அரிச்சுவடி, கணக்குப் பாடநூல், 'ரோனோர்' என்ற இலக்கணம் ஆகியவற்றை எழுதினார். எழுத்தறியாத பெரியவர்களிடம் நாடகம் வழியாகப் போனார். 'பிது சந்தன்' நாடகத்தில் மனிதராகப் பிறந்த காதலர் இருவர் இந்த எழுத்திலேயே செய்தி எழுதிக்கொள்கிறார்கள். எழுத்து எதற்குப் பயன்படும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. 'தாரெகே தன்', 'சிது கானு' போன்ற நாடகங்களும் வந்தன. ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். மக்கள் அவரைக் 'குரு கோம்கே', அதாவது பேராசான் என்று அழைத்தனர்.

அவர் 1982 பிப்ரவரி 1 அன்று மறைந்தார். அதற்குள், 1979-இல் மேற்கு வங்க அரசு ஓல் சிக்கியை ஏற்றிருந்தது. 2003-இல் நிறைவேறிய 92-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சந்தாலியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. 2008-இல் ஓல் சிக்கி யூனிகோடில் இடம்பெற்றது. இன்று கைபேசியில் அதைத் தட்டச்சு செய்யலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் சந்தாலி பேசுவோர் சுமார் 73 லட்சம் பேர். எல்லாரும் ஓல் சிக்கியில் எழுதுவதில்லை. எந்த எழுத்து என்ற விவாதம் இன்னும் இருக்கிறது. ஆயினும் தம் மொழிக்கென ஓர் எழுத்து உண்டு என்று சொல்ல இன்று அவர்களால் முடிகிறது.

நார்வேயில் ஓர் ஆசிரியர்

ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி மக்களின் வரலாற்றிலும் இப்படி ஆசிரியர்கள் உண்டு. நார்வே அரசு 1898-இல் பள்ளிகளில் சாமி மொழியின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அக்காலத்தில் ஆசிரியராக இருந்த சாமி இனத்தவர் ஈசாக் சாபா (1875–1921) தம் மக்களின் கதைகளையும் பாடல்களையும் திரட்டினார். 1906-இல் அவருடைய பாடல் ஒன்று சாமி மொழி இதழில் வெளியானது. அதே ஆண்டு நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் சாமி ஆனார். அந்தப் பாடலே 1986-இல் சாமி மக்களின் தேசியப் பாடலாக ஏற்கப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. சந்தாலி மொழிக்கு ஐந்து தொகுதிகளில் பேரகராதி செய்தவர் பால் ஓலாப் பொட்டிங் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார். அது வெளியானதும் ஆஸ்லோவில்தான், 1929 முதல் 1936 வரை. தொலைதூரத்து மொழியைப் போற்றிப் பதிப்பித்த நாட்டின் பள்ளிகளிலேயே உள்நாட்டுச் சாமிக் குழந்தையின் மொழிக்கு இடமில்லை. பக்கத்தில் இருக்கும் மொழி நம் காதில் விழுவது அவ்வளவு எளிதல்ல.

நம் வகுப்பில்

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அதற்குத் தனி எழுத்து இல்லை. தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. வெளிமாநிலக் குழந்தைகளும் வருகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதற்கு வீட்டு மொழி தடையல்ல, படிக்கட்டு.

எங்கள் வகுப்பில் செய்தது மிகச் சிறியது. ஒரு சார்ட்டில் படம் வரைந்து, பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும், அந்தச் சிறுமி சொன்ன சந்தாலிச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் எழுதினோம். தண்ணீருக்கு 'தாக்' என்று எழுதி எல்லாரும் வாசித்தார்கள். அவள் தலையசைத்து மறுத்தாள். கடைசி ஒலியைத் தொண்டையில் நிறுத்திச் சொல்லிக்காட்டினாள். நாற்பது பேரும் முயன்றார்கள்; அவள் ஒவ்வொருவரையும் திருத்தினாள். ஒன்று முதல் நான்கு வரை 'மித், பார், பே, போன்' என்று எண்ணவும் சொல்லித்தந்தாள். முர்முவுக்குப் புதிய எழுத்து ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அன்று தம் நாக்காலேயே அறிந்தார்கள். அடுத்த வாரம் அவள் தமிழில் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

இதற்குத் தனி நிதியோ ஆணையோ தேவையில்லை. சேர்க்கையின்போது மாநிலத்தை மட்டும் கேட்காமல், வீட்டில் பேசும் மொழியையும் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பாடல் நேரத்தில் அந்த மொழிப் பாட்டொன்றுக்கு இடம் தரலாம். தாத்தா பாட்டியிடம் கேட்ட கதையைக் குழந்தை தன் மொழியில் சொல்ல, அதையே தமிழில் எழுதவைக்கலாம். உயர்நிலை வகுப்பினர் வாலீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்து, நம் எழுத்தும் வடிவம் மாறி மாறி வந்ததுதான் என்று அறியலாம்.

உங்கள் வகுப்பிலும் பேசாத குழந்தை ஒன்று இருக்கக்கூடும். அதற்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டுமுன், அது எந்த மொழியில் பேசும் என்று கேட்டுப் பாருங்கள்.