கணனி வாங்க முன் வேலையை எண்ணுங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் சங்கக் கூட்டம் முடிந்து நான் புறப்பட்டபோது ஒரு சகோதரி வழிமறித்தார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். இரண்டு பிள்ளைகள். ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருடம் சம்பளத்துக்கு வீடியோ எடிட்டிங் செய்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கக் கடன்பட்டுக் கணனி வாங்கியிருந்தார்.

"மிஸ், ஒருக்கா வந்து பாருங்கோ. காசு முழுக்க இதுக்குள்ள போட்டிட்டன். வேலை நகருதில்லை" என்றார்.

போய்ப் பார்த்தேன். பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். பெரிய கிராபிக்ஸ் கார்ட்டும் இருந்தது. ஆனால் ராம் 8 ஜிகாபைட் மட்டும். எல்லாப் பதிவுகளும் ஒரேயொரு ஹாட் டிஸ்க்கில். பிள்ளைகள் விளையாட்டு ஆடுவதற்கு உகந்த பெட்டியைக் கடைக்காரர் எடிட்டிங்குக்கு விற்றுவிட்டார். சாமத்தியவீட்டு வீடியோவை ஓடவிட்டால் பத்து விநாடிக்கு ஒருமுறை நின்றது. கடன் தவணையோ நிற்கவில்லை.

வன்னியில் கடன்பட்டு வாங்கிய பொருள் உழைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே எச்.டி. வீடியோ எடிட்டிங் தொழில் தொடங்க எண்ணும் சகோதரிகள், கடைக்குப் போக முன் அறிய வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

பெண்களால் முடியுமா?

இந்தக் கேள்வியை இன்றும் சிலர் கேட்கிறார்கள். இந்தியாவின் அகமதாபாத்தில் சேவா என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் 1984 இல் தன் அங்கத்தவர்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுத்தது. பயின்றவர்களில் மரக்கறி விற்பவர்களும் எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தங்கள் தொழில் பிரச்சினைகளைத் தாங்களே படம்பிடித்துக் காட்டினார்கள். இன்றைய தெலுங்கானாவில் உள்ள பஸ்தாபூரில் கூலி விவசாயம் செய்யும் தலித் பெண்கள் 2001 இல் தமக்கென ஓர் ஊடக நிலையத்தையே அமைத்தார்கள். கமெராவைக் கண்மட்டத்தில் பிடிப்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சங்க ஷொட்'. சங்கத்தில் எல்லோரும் சமமாக இருந்து பேசுவதால் அந்தப் பெயர். ஆகவே முடியுமா என்ற கேள்வி வேண்டாம். எதை வாங்குவது என்பதே கேள்வி.

எச்.டி. ஏன் கணனியைக் களைக்க வைக்கிறது?

முழு எச்.டி. படமொன்றில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். இப்படி விநாடிக்கு 25 படங்கள் ஓட வேண்டும். 4கே என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு.

இவ்வளவையும் கமெரா அப்படியே சேமிப்பதில்லை. நமது சங்கக் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் முழு இருப்பையும் எழுதுகிறோம். பிறகு வந்ததையும் போனதையும் மட்டும் எழுதுகிறோம். கமெராவும் அவ்வாறே ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. எச்.264 என்பது இந்த வகைச் சுருக்கமே. இதனால் இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் வெட்டும்போது, கணனி அந்த இடம்வரை கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கணனி திணறுகிறது.

எதற்கு எவ்வளவு?

முதலில் புரொசஸர். ஆறு கோர் கொண்ட இன்டெல் ஐ5 அல்லது ஏஎம்டி ரைசன் 5 வகைகள் எச்.டி. வேலைக்குப் போதும். இன்டெல்லில் எச்.264 வீடியோவை விரித்துக் கொடுக்கும் பகுதி, உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுடன் சேர்ந்து வருகிறது. இலக்கத்தின் கடைசியில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அந்தப் பகுதி இல்லை. விலை குறைவென்று அதைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது ராம். 16 ஜிகாபைட்டுக்குக் குறைய வேண்டாம். பின்னர் கூட்டுவதற்கு மதர்போட்டில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது சேமிப்பு. கணனி இயங்குவதற்கும் அப்போது செய்யும் வேலைக்கும் ஓர் எஸ்.எஸ்.டி. முடித்த வேலைகளை வைக்க வேறொரு ஹாட் டிஸ்க். விநாடிக்கு 50 மெகாபிட் அளவில் பதியும் கமெராவில் ஒரு மணித்தியாலம் 22.5 ஜிகாபைட் பிடிக்கும். ஒரு கலியாணவீட்டில் இரண்டு கமெராக்கள் நான்கு மணித்தியாலம் ஓடினால் 180 ஜிகாபைட். மாதம் நான்கு வீடு என்றால் 720. உங்கள் மாத வேலையை இப்படி எண்ணிப் பார்த்தே டிஸ்க்கின் அளவைத் தீர்மானியுங்கள்.

கிராபிக்ஸ் கார்ட்டைக் கடைசியில் பாருங்கள். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் எழுதும் வேலைக்கு அது பெரிதாகத் தேவையில்லை. நிறம் திருத்துவதற்கு டாவின்சி ரிசோல்வ் போன்ற மென்பொருள் பாவித்தால் குறைந்தது 4 ஜிகாபைட் கார்ட் வேண்டும். ரிசோல்வ் இலவசமாகவும் கிடைக்கிறது. ஷொட்கட், கேடென்லைவ் ஆகியவை முற்றிலும் இலவசம். சிறிய கணனியிலும் ஓடும். திருட்டுப் பிரதிகளுடன் வைரஸும் வரலாம். வாடிக்கையாளரின் படங்கள் அழிந்தால் தொழிலின் நல்ல பெயரும் அழியும்.

மொனிட்டர் 1920க்கு 1080 அளவில், ஐ.பி.எஸ். வகையாக இருந்தால் நிறம் ஒழுங்காகத் தெரியும். கூறைச்சேலையின் சிவப்பு வேறு நிறமாக வந்தால் மணமகளின் தாய் காசு தரமாட்டார்!

பழைய கணனி வாங்கலாமா?

அலுவலகங்களில் கழித்த கணனிகள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். மற்றது, ஒடுங்கிய சிறு பெட்டிகளில் பின்னர் பெரிய கார்ட் பொருத்த முடியாது. அவற்றின் பவர் சப்ளையும் சிறியது.

மின்சாரமும் வெக்கையும்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்றும் மழைகாலத்தில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. டெஸ்க்டொப் வாங்கினால் யு.பி.எஸ். கட்டாயம். அது வேலை செய்வதற்கன்று. வேலையைச் சேமித்துக் கணனியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதற்கே. இடி முழங்கும்போது வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தகரக்கூரை வீட்டில் காற்றோட்டமான பக்கத்தில், நிலத்தில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். புழுதி அடைத்தால் காற்றாடி சுற்றியும் பயனில்லை. சூடேறிய கணனி தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

லப்டொப் மின்வெட்டைத் தாங்கும். ஆனால் பழுதானால் திருத்தச் செலவு கூட. டெஸ்க்டொப்பில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். கையில் காசு வரும்போது ஒவ்வொன்றாகக் கூட்டலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இரண்டு பிரதி

கடைசியாகச் சொன்னாலும் இதுவே முக்கியமானது. எந்தப் பதிவும் ஒரேயொரு டிஸ்க்கில் இருக்கக்கூடாது. இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். விளக்குப் பெட்டிக்குப் போகும் காசில் இந்த இரண்டாவது டிஸ்க்கை வாங்கிவிடலாம்.

என் அம்மாவிடம் அவருடைய கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. அல்பம் 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ போய்விட்டது. உங்களில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலரிடம் இருப்பது அந்த ஒரேயொரு படம். இன்று நாம் எடுத்து வெட்டி ஒட்டும் கலியாணவீட்டில் சிரிக்கும் அம்மம்மா அடுத்த வருடம் இருப்பாரோ தெரியாது. அவருடைய பேச்சையும் சிரிப்பையும் நம்மை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஒப்படைக்கிறது.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் புதுக் கணனி வாங்கவில்லை. ராமை 16 ஆக்கினோம். ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். பெரிய கோப்புகளுக்குச் சிறிய 'ப்ரொக்ஸி' பிரதி செய்து, அதில் வெட்டிவிட்டுக் கடைசியில் முழு அளவில் வெளியே எடுக்கும் முறையைப் பழகினார். வேலை நகர்ந்தது. அடுத்த மாதம் வந்த முதல் வருமானத்தில், தவணை கட்டியது போக, வெளியில் கொழுவும் ஹாட் டிஸ்க் ஒன்று வாங்கினார். அது இப்போது அவரது தமக்கை வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

சகோதரிகளே, கடைக்குப் போகும்போது ஒரு தாளில் உங்கள் மாத வேலையையும், எத்தனை கமெரா, எத்தனை மணித்தியாலம் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். தெரிந்த ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே ஓடவிட்டுப் பாருங்கள். அது நிற்காமல் ஓடினால் மட்டும் காசை எடுங்கள்.