ரிப்போர்ட் பிழையின்றி ஓடியது, கூட்டுத் தொகை ஏன் தவறியது?

அலுவலகத்தில் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பயன்படுத்துகிறீர்களா? பில், ஸ்டாக், விற்பனை, சம்பளம் என்று டேட்டாபேஸில் கிடப்பதை எல்லாம் எடுத்துக் கூட்டி, பேப்பரில் அழகாகப் போட்டுத் தரும் புரோகிராம் இது. வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு பார்த்துத் தரும் வாசகர்கள் பலரும் இதனைத் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்தி இருப்பார்கள். பில்லிங் சாப்ட்வேரில் பிரிண்ட் பட்டனை அழுத்தியவுடன் வரும் அந்தப் பிரிவியூ விண்டோ, பல சாப்ட்வேர்களில் இதனுடையதுதான்.

இது பற்றிச் சொல்லித் தருபவர்கள் வழக்கமாக லோகோ வைப்பது எப்படி, கோடு போடுவது எப்படி என்று தொடங்குவார்கள். நான் ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

2005 ஆம் ஆண்டு. கோவையில் மோட்டார் பம்ப் விற்கும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருவன்தான். விசுவல் பேசிக் 6-ல் எழுதிய பில்லிங் புரோகிராம், அதற்குக் கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் 8.5. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மாதா மாதம் கமிஷன் உண்டு. விற்ற தொகையில் லாரி வாடகையைக் கழித்து, மீதியில் 2 சதவீதம். அதுவரை கையால் போட்டு வந்த இந்தக் கணக்கை நான் ரிப்போர்ட்டாக மாற்றிக் கொடுத்தேன். முதலாளிக்கு மிகவும் திருப்தி.

நான்காவது மாதம், பிரதிநிதிகளில் மூத்தவர் ஒருவர் தன் பாக்கெட் நோட்டுடன் வந்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல வர்றது சரியாத்தான் இருக்குமுங்க. ஆனா என்ற நோட்டுல வேற மாதிரி வருதுங்களே" என்றார். நான் நோட்டை வாங்கிக் கூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டாதுங்கண்ணா" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே நோட்டுடன், இந்த முறை பில் நகல்களையும் பின் போட்டு எடுத்து வந்தார். அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டவில்லை. தப்பான ஒன்றைச் சரியாகக் கூட்டியிருந்தது.

எங்கே நடந்தது?

பில் விவரங்கள் பொதுவாக இரண்டு டேபிள்களில் இருக்கும். பில் எண், தேதி, வாடிக்கையாளர், லாரி வாடகை ஆகியவை முதல் டேபிளில், ஒரு பில்லுக்கு ஒரு வரி. என்னென்ன பொருள், எத்தனை, என்ன விலை என்பது இரண்டாவது டேபிளில், ஒரு பொருளுக்கு ஒரு வரி. இரண்டையும் பில் எண் மூலம் இணைத்தால், ஐந்து பொருள் உள்ள பில் ஐந்து வரியாக வரும். அந்த ஐந்து வரியிலும் லாரி வாடகை திரும்பத் திரும்ப இருக்கும்.

ஒரு பில்லை எடுத்துக் கொள்ளுங்கள். பொருட்கள் 12,000, 8,500, 4,200, 3,300, 2,000. மொத்தம் 30,000 ரூபாய். லாரி வாடகை 600. கமிஷனுக்கு உரிய தொகை 29,400. என் ரிப்போர்ட்டோ 600 ரூபாயை ஐந்து முறை கூட்டி, 3,000 ரூபாயைக் கழித்து 27,000 என்று காட்டியது. கமிஷனில் 48 ரூபாய் குறைவு. ஒரு பில்லுக்கு 48 ரூபாய் என்றால் பெரிதாகத் தெரியாது. மாதம் முழுவதற்கும் பார்த்தால், அவருக்கு நான்கு மாதங்களில் 4,760 ரூபாய் குறைந்திருந்தது. ஒரு பில்லில் ஒரே ஒரு மோட்டார் விற்பவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. சிறு கடைகளுக்கு நாலைந்து பொருளாகச் சேர்த்து விற்பவர்தான் அடி வாங்கினார். நான் ரிப்போர்ட்டைச் சோதித்தது ஒரே ஒரு பொருள் உள்ள பில்லை வைத்து. அதனால்தான் எனக்குச் சரியாக வந்தது!

முதலாளியிடம் சொன்னேன். திட்டு கிடைத்தது. அடுத்த சம்பளத்துடன் பாக்கித் தொகையும் அவருக்குக் கிடைத்தது.

ரன்னிங் டோட்டல்

இதனைச் சரி செய்ய நான் முதலில் முயன்றது டேட்டாபேஸ் மெனுவில் உள்ள செலக்ட் டிஸ்டிங்க்ட் ரெக்கார்ட்ஸ். பலரும் இதைத்தான் முதலில் தேடுவார்கள். பயன் இல்லை. பொருளின் பெயர் வரிக்கு வரி மாறுவதால் ஐந்து வரிகளும் வெவ்வேறு ரெக்கார்ட்கள்தான். பில் அளவில் சம் என்பதற்குப் பதிலாக மேக்சிமம் போட்டால் 600 என்று சரியாக வரும். ஆனால் அப்படி வந்த தொகைகளைப் பிரதிநிதி அளவில் மீண்டும் கூட்ட சம்மரி வசதி இடம் தராது.

சரியான வழி ரன்னிங் டோட்டல். முதலில் பிரதிநிதி வாரியாகவும், அதற்குள் பில் எண் வாரியாகவும் குரூப் அமைத்திடுங்கள். பின் பீல்ட் எக்ஸ்புளோரரில் ரன்னிங் டோட்டல் பீல்ட்ஸ் என்பதில் ரைட் கிளிக் செய்து நியூ தேர்ந்தெடுக்கவும். லாரி வாடகை பீல்டைக் கொடுத்து, சம்மரி வகையாக சம் வைத்திடவும். எவால்யுவேட் என்ற பகுதியில் ஆன் சேஞ்ச் ஆப் குரூப் தேர்ந்தெடுத்து பில் எண் குரூப்பைக் காட்டவும். அதாவது, பில் மாறும்போது மட்டும் ஒரு முறை கூட்டு. ரீசெட் பகுதியில் பிரதிநிதி குரூப்பைக் காட்டவும். அடுத்த ஆள் வரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இந்தப் பீல்டைக் குரூப் புட்டரில்தான் வைக்க வேண்டும். ஹெட்டரில் வைத்தால் கூட்டி முடிக்கும் முன்பே அச்சாகிவிடும். இன்னொரு குறையும் உண்டு. ரன்னிங் டோட்டல் பக்கங்கள் அமைக்கப்படும்போது கணக்கிடப்படுவதால், முதல் பத்துப் பிரதிநிதிகள் யார் என்று வரிசைப்படுத்த இதனைப் பயன்படுத்த முடியாது. அப்படித் தேவைப்பட்டால் டேட்டாபேஸிலேயே பில் வாரியாகக் கூட்டி ஒரு வியூ தயாரித்து, அதனை ரிப்போர்ட்டுக்குக் கொடுப்பது நல்லது. 9 ஆம் பதிப்பிலிருந்து ஆட் கமாண்ட் என்ற வசதி மூலம் எஸ்.க்யூ.எல். வரிகளை நேரடியாக ரிப்போர்ட்டிலேயே எழுதலாம்.

மறைத்தாலும் கணக்கில் இருக்கும்

ஒரு முறை சூடு பட்டதால் மற்ற ரிப்போர்ட்களையும் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். ரத்தான பில்களைக் காட்டக் கூடாது என்று செக்ஷன் எக்ஸ்பர்ட்டில் சப்ரஸ் போட்டு வைத்திருந்தேன். பேப்பரில் அவை வரவில்லை. கூட்டுத் தொகையில் இருந்தன. சப்ரஸ் என்பது அச்சாவதை மட்டுமே தடுக்கும். ரெக்கார்டே வேண்டாம் என்றால் ரிப்போர்ட் மெனுவில் செலக்ட் எக்ஸ்பர்ட் சென்று அங்கு நிபந்தனை கொடுக்க வேண்டும்.

அடுத்தது, எல்லா வாடிக்கையாளரின் பெயரும், எதிரே இந்த மாத விற்பனையும் வர வேண்டும் என்ற ரிப்போர்ட். வாங்காதவர் யார் என்று பார்க்க முதலாளிகள் விரும்பிக் கேட்பது இது. டேபிள்களை இணைக்கும்போது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் தானாக எடுத்துக் கொள்வது இன்னர் ஜாயின். இரண்டு டேபிளிலும் இருப்பவர் மட்டுமே வருவார்கள். லிங்க் கோட்டில் ரைட் கிளிக் செய்து லெப்ட் அவுட்டர் ஜாயின் ஆக மாற்றினால் அனைவரும் வருவார்கள். ஆனால் உடனே செலக்ட் எக்ஸ்பர்ட்டில் பில் தேதி இந்த மாதத்துக்குள் என்று கொடுப்போம். வாங்காதவருக்குத் தேதியே இல்லை. எனவே அவர் மீண்டும் வெளியே போய்விடுவார். தேதி காலியாக இருந்தாலும் சரி என்று இஸ்நல் பங்சனைச் சேர்த்துப் பார்த்தேன். என்றுமே வாங்காதவர் வந்தார். போன மாதம் வாங்கி இந்த மாதம் வாங்காதவர் வரவில்லை. அவருக்குத் தேதி இருக்கிறதே, அது போன மாதத் தேதி! தேதி நிபந்தனையை ஜாயின் உள்ளேயே கொண்டு போக வேண்டும். அதற்கும் ஆட் கமாண்ட்தான் வழி. சப் ரிப்போர்ட் வைத்தும் செய்யலாம். ஆனால் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடினால் காபி குடித்துவிட்டு வரும் அளவுக்கு நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் மெனுவில் ஷோ எஸ்.க்யூ.எல். க்வெரி கிளிக் செய்து பாருங்கள். நீங்கள் கேட்டதாக நினைப்பது ஒன்று, உண்மையில் டேட்டாபேஸுக்குப் போவது ஒன்று என்பது அங்கு தெரிந்துவிடும். இந்தப் புரோகிராமில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இதுதான்.

பார்முலாவில் ஒரு பீல்ட் நல் ஆக, அதாவது மதிப்பே இல்லாமல் இருந்தால் மொத்த விடையும் காலியாக வரும். விலையில் தள்ளுபடியைக் கழிக்கிறீர்கள், தள்ளுபடி யாரும் டைப் செய்யவில்லை என்றால் விலையும் போய்விடும். பைல் மெனுவில் ரிப்போர்ட் ஆப்ஷன்ஸ் திறந்தால் நல் மதிப்புகளைப் பூஜ்யமாகக் கொள்ளும் வசதி உள்ளது. இதனை டிக் செய்தபின் இஸ்நல் சோதனையை நம்ப வேண்டாம்.

பேப்பரில் எந்தத் தேதி?

பைல் மெனுவில் சேவ் டேட்டா வித் ரிப்போர்ட் டிக் செய்யப்பட்டிருந்தால், பைலுடன் பழைய டேட்டாவும் சேர்ந்தே சேமிக்கப்படும். அடுத்த வாரம் திறந்து பிரிண்ட் கொடுத்தால், பேப்பரில் இன்றைய தேதியுடன் போன வாரக் கணக்கு வரும். பிரிண்ட் டேட் பீல்ட் அச்சடிக்கும் நாளைத்தான் காட்டும். ஸ்பெஷல் பீல்ட்ஸில் டேட்டா டேட், டேட்டா டைம் என இரண்டு உண்டு. டேட்டா எப்போது எடுக்கப்பட்டது என்பதை இவை காட்டும். என் எல்லா ரிப்போர்ட்களின் புட்டரிலும் இவை இருக்கும்.

நம் ஊருக்கான தலைவலி ஒன்றும் உண்டு. தொகையை எழுத்தில் தர டூவேர்ட்ஸ் என்ற பங்சன் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் பிறந்த புரோகிராம் இது. அதற்கு லட்சம் தெரியாது. 2,35,000 ரூபாயை இருநூற்று முப்பத்தைந்து ஆயிரம் என்று ஆங்கிலத்தில் எழுதித் தரும். தொகையைக் கோடியால் வகுத்து முழு எண்ணை எடுத்து, ரிமைன்டர் பங்சன் மூலம் மீதியைப் பெற்று, அதனை லட்சத்தால் வகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே டூவேர்ட்ஸுக்குக் கொடுத்து, இடையில் க்ரோர், லேக் என்ற சொற்களைச் சேர்த்திட வேண்டும். ஒரு முறை எழுதி வைத்தால் எல்லா பில்லுக்கும் உதவும்.

எதை வைத்துப் பழகுவது?

கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் இன்று எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் கையில் உள்ளது. விசுவல் ஸ்டூடியோ 2008 வரை அதனுடனேயே வந்தது. அதன்பின் விசுவல் ஸ்டூடியோவுக்கான பதிப்பைத் தனியே இலவசமாக இறக்கிக் கொள்ள வேண்டும். தனி டிசைனர் புரோகிராம் விலைக்கு உரியது. 2020 பதிப்பில் டிசைனர் 64 பிட் ஆகிவிட்டது. பழைய 32 பிட் ஓ.டி.பி.சி. இணைப்புகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. காணவில்லையே என்று பதற வேண்டாம். 64 பிட் இணைப்பைப் புதிதாக அமைத்தால் போதும். அதை அமைக்கும் புரோகிராம் விண்டோஸில் சிஸ்டம் 32 என்ற போல்டரில் இருக்கிறது. 32 பிட்டுக்கு உரியதோ சிஸ்வாவ் 64 என்ற போல்டரில். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய பதிப்புகளுடன் எக்ஸ்ட்ரீம் என்ற சைக்கிள் கம்பெனியின் மாதிரி டேட்டாபேஸ் வந்தது. பழக நல்லதுதான். ஆனால் அதில் கூட்டுத் தொகை சரியா என்று நமக்கு எப்படித் தெரியும்? எனவே என்னிடம் கற்றுக் கொள்ள வருபவர்களுக்கு நான் கொடுப்பது, அந்த அண்ணனின் நோட்டைப் பார்த்துச் சுருக்கிய நான்கு பில்கள். இவற்றை அக்செஸில் டைப் செய்து கொள்ளுங்கள். பவர் பி.ஐ. பயன்படுத்துபவர்களுக்கும் இது உதவும். இரண்டு டேபிளையும் மெர்ஜ் செய்தால் அங்கும் இதே லாரி வாடகைதான் பெருகும்.

வாடிக்கையாளர்கள் நான்கு பேர். முதலாமவருக்கு இந்த மாதம் ஒரு பில்: ஒரு பொருள் 1,000 ரூபாய், வாடகை 100. இரண்டாமவருக்கு இந்த மாதம் இரண்டு பில்கள். ஒன்றில் 500, 700, 800 என மூன்று பொருள், வாடகை 200. மற்றதில் 300, 200 என இரண்டு பொருள், வாடகை 50, ஆனால் இந்த பில் ரத்தானது. மூன்றாமவருக்குப் போன மாத பில் ஒன்று: ஒரு பொருள் 1,500, வாடகை கட்டம் காலி. நான்காமவர் எதுவும் வாங்கியதில்லை.

இந்த மாத விற்பனை 3,000, வாடகை 300, நிகரம் 2,700. இதை முதலில் பேப்பரில் போட்டுவிட்டு அதன்பின் ரிப்போர்ட் தயாரியுங்கள். விற்பனை 3,500 என வந்தால் ரத்தான பில்லை மறைத்திருக்கிறீர்கள், நீக்கவில்லை. விற்பனை சரியாக இருந்து நிகரம் 2,300 என வந்தால், என்னைப் போலவே வாடகையைப் பலமுறை கூட்டியிருக்கிறீர்கள். போன மாத நிகரம் 1,500 வர வேண்டிய இடத்தில் காலியாக இருந்தால் நல் மதிப்பைக் கவனிக்கவில்லை. எல்லா வாடிக்கையாளரும் வர வேண்டிய ரிப்போர்ட்டில் இரண்டு பேர் மட்டும் வந்தால் ஜாயினையும் தேதி நிபந்தனையையும் பாருங்கள். மூன்று பேர் வந்தால், விடுபட்டவர் போன மாதம் 1,500 ரூபாய்க்கு வாங்கியவராகத்தான் இருப்பார்.