முதுகுவலிக்கு கைரோபிராக்டிக்: என்ன செய்வார்கள், எப்போது போகக் கூடாது?

சூலூர், சோமனூர் பக்கம் விசைத்தறியில் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கும், தினமும் கோவைக்கு பைக்கில் போய் வருபவர்களுக்கும் முதுகுவலி புதிதல்ல. ‘நெட்டி எடுத்தா சரியாயிடும்’ என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போகலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் தரும் சிகிச்சை. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் தொடங்கியது.

முதல் நாள் என்ன நடக்கும்?

வலி எப்போது வந்தது, காலுக்கு இறங்குகிறதா, அடிபட்டதா என்று கேட்க வேண்டும். பிறகு குனிந்து நிமிரச் சொல்லி, கால் பலம், உணர்ச்சி எல்லாம் பார்க்க வேண்டும். எதுவும் கேட்காமல் நேராகக் கழுத்தில் கை வைத்தால், எழுந்து வந்துவிடுவது நல்லது. எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது.

‘படக்’ சத்தம் எதனால்?

எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உருவாவதால் வருவது. சத்தம் வரவில்லை என்றால் சிகிச்சை பலிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை.

பலன் உண்டா?

நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றுடன் இந்தக் கைமுறை சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் கிடைக்கும் பலன் ஓரளவுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாம் இதில் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம். நான்கைந்து வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘முப்பது சிட்டிங் பேக்கேஜ்’ என்று முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள்.

யார் போகக் கூடாது?

எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ளவர்கள், எலும்பு முறிவு, புற்றுநோய், எலும்பில் தொற்று உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் பலம் குறைவது ஆகியவை அவசர நிலை. அப்போது நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

யாரிடம் போவது?

இந்தியாவில் கைரோபிராக்டிக்கிற்கு எனத் தனிப் பதிவு கவுன்சில் இல்லை. அதனால் ‘எங்க படிச்சீங்க, எத்தனை வருஷம்?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். முதலில் எலும்பு மூட்டு மருத்துவரையோ, தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டையோ பார்ப்பது பாதுகாப்பு. நடக்க முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.