குருதியினமும் கணிதமும்

வியன்னா நகரத்து லான்ட்ஸ்ரைனர் 1901ஆம் ஆண்டில் மனிதக் குருதியை மூன்று இனங்களாக வகுத்துக் காட்டினார். ஏபீ என்னும் நான்காவது இனம் மறு ஆண்டிற் காணப்பட்டது. 1910இல் ஹைடல்பேர்க் நகரிலே வொன் டுங்கேர்ண், ஹேர்ஸ்வெல்ட் என்போர் பல குடும்பங்களை ஆராய்ந்து, இவ்வினங்கள் மெண்டலின் விதிகட்கமையப் பிள்ளைகளைச் சாருமென நிறுவினர். ஆயின் எவ்வாறு சாரும் என்பதில் ஒரு பிழை புகுந்தது. பதினான்கு ஆண்டுகள் அது நிலைத்தும் நின்றது.

ஏ என்னும் பண்புக்கு ஒரு சோடிப் பரம்பரையலகும், பீ என்னும் பண்புக்கு அதனைச் சாராத வேறொரு சோடியும் உளவென அவர்கள் கொண்டனர். இக்கொள்கைப்படி ஏபீ இனத் தந்தைக்கும் ஓ இனத் தாய்க்கும் ஓ இனப் பிள்ளை பிறத்தல் கூடும். இஃது ஏட்டளவில் நிற்கும் ஐயமன்று. 1920களில் ஜேர்மனிய நீதிமன்றங்கள் தந்தைமை வழக்குகளிலே குருதிச் சோதனையைச் சான்றாக ஏற்கத் தொடங்கின. கொள்கை பிழைப்பின் தீர்ப்பும் பிழைக்கும்.

பிழையைக் கண்டவர் மருத்துவரல்லர். கோற்றிங்கன் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியரான பீலிக்ஸ் பேர்ண்ஸ்ரைன். தொடைக் கொள்கையில் அவர் பெயரால் வழங்குந் தேற்றமொன்று இன்றும் உண்டு. முதலாம் உலகப்போரிற் சலோனிக்காப் போர்முனையிலே ஹேர்ஸ்வெல்டும் அவர் மனைவியாரும் பல நாட்டுப் போர்வீரரிடந் திரட்டி, 1919இல் வெளியிட்ட எண்கள் அவருக்குத் துணையாயின.

அவர் நெறியை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு மக்கட்கூட்டத்தில் நூற்றுக்கு 36 பேர் ஓ, 45 பேர் ஏ, 13 பேர் பீ, 6 பேர் ஏபீ எனக் கொள்க. ஏ பண்புடையார் மொத்தம் 51. பீ பண்புடையார் 19. இரு பண்பும் ஒன்றையொன்று சாராவாயின் இரண்டும் உடையார் 0.51 × 0.19, அதாவது நூற்றுக்கு ஏறக்குறையப் பத்துப் பேர் இருத்தல் வேண்டும். இருப்பவரோ அறுவர். இத்தகைய குறைபாடே மெய்யான எண்களிலும் நாடுதோறுங் காணப்பட்டது.

ஏ, பீ, ஓ என்னும் மூன்றும் ஓரிடத்துக்கே உரிய மாற்றலகுகள் எனின், கணக்கு நேராகின்றது. ஓ இனத்தார் இரு ஓ அலகும் உடையர், ஆதலின் 0.36இன் வர்க்கமூலமாகிய 0.6 ஓ அலகின் மீடிறன். ஓவும் ஏயும் சேர்ந்த 0.81இன் மூலம் 0.9, எனவே ஏ அலகு 0.3. அவ்வாறே பீ அலகு 0.1. மூன்றுங் கூடி ஒன்றாகும். ஏபீ இனமும் 2 × 0.3 × 0.1, நூற்றுக்கு ஆறாகவே வரும். 1924இல் இம்முடிபு வெளியாயிற்று. குருதித் தூய்மை பேசிய நாற்சி ஆட்சியில், யூதராகிய பேர்ண்ஸ்ரைன் தம் பதவியை இழந்து அமெரிக்காவில் வாழ நேர்ந்தது.

மெய்யான எண்கள் இத்துணை ஒழுங்காய் அமைவதில்லை. மீடிறன்களின் கூட்டுத்தொகை ஒன்றினின்றுஞ் சிறிது வழுவும். அதனைச் செம்மைப்படுத்தும் முறைகளே இத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்வோர் பலர் பயிலுங் கணக்கு. 1955இற் செப்பெல்லினி, சினிஸ்கல்கோ, சிமித் என்போர் கூறிய அலகெண்ணல் முறை எளிதும் அழகுமானது. முதலில் மீடிறன்களை உத்தேசமாகக் கொள்க. அவற்றைக்கொண்டு, ஏ இனத்தாருள் இரண்டு ஏ அலகுடையார் எத்துணையர், ஏயும் ஓவும் உடையார் எத்துணையர் எனப் பகுக்க (மேலை உதாரணத்தில் ஐவருள் ஒருவரே முன்னவர்). பீ இனத்தாரையும் அவ்வாறே பகுத்து அலகுகளை எண்ண, திருந்திய மீடிறன்கள் கிடைக்கும். எண்கள் மாறாது நிலைக்கும்வரை மீளச் செய்க.

1990இல் யமமொட்டோவும் உடனாய்வாளரும் அவ்வலகின் இரசாயன அமைப்பை வெளிப்படுத்தினர். ஒன்பதாம் நிறமூர்த்தத்து ஓரிடமே மூன்றுக்கும் உரியது. ஓ அலகிலே பெரும்பாலும் ஓரெழுத்துக் குறைந்துள்ளது. விலக்கும் உண்டு. 1952இற் பம்பாயில் அறியப்பட்ட அரிய வகையினர், ஏ அல்லது பீ அலகு உடையராயினும், அதற்கு அடிப்படையான எச் என்னும் பொருள் இன்மையால் ஓ இனத்தார்போலத் தோன்றுவர். அத்தகையாரிடம் ஓ இனத்தவரின் குருதியையும் ஏற்றலாகாது. அவர்தம் நீர்ப்பாயம் அதனையுந் திரளச் செய்யும்.